டாக்டர் துரை எழுதிய தமிழ்

எங்கள் லைனில் ஒருவன் சீக்காளி என்று பேரெடுக்க வேண்டுமானால், அவன் உடம்பிலிருந்து ஏதாவது ஒன்று போயிருக்க வேண்டும். விரல் போயிருக்கலாம், கண் போயிருக்கலாம். கால் போனால் இன்னும் விசேஷம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பேர் சொல்லி ஜெபிப்பார்கள். என் புருஷன் பர்னபாசுக்கு எல்லாம் இருந்தது. பத்து விரல், இரண்டு கண், கதவு மாதிரி மார்பு. அதனால் அவருக்கு வியாதி கிடையாது என்று மாரிகுப்பமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைச் சொன்னவர்களில் நான்தான் முதல் ஆள்.

நாங்கள் குடியாத்தம் பக்கம். மாரிகுப்பத்துக்கு ரயில் வந்த வருஷம், முனிரத்தினம் மேஸ்திரி எங்களைப் போல நாற்பது பேரைத் தங்கச் சுரங்க வேலைக்கென்று வண்டியேற்றிக் கொண்டுவந்தார். லைன் என்கிற கூலிக்காரர் வீட்டு வரிசையில் ஒரு தட்டி வீடு கொடுத்தார்கள். மூங்கில் தட்டியில் மண் பூசிய ஓர் அறை, அவ்வளவுதான். வீடு ஆம்பளை பேரில்தான் எழுதுவார்கள். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் அவர் சுரங்கத்துக்குள் இறங்குகிற வரைக்கும் எங்களுக்கு வீடு உண்டு. இறங்காவிட்டால் அடுத்து வருகிறவனுக்கு. ஊருக்குத் திரும்பலாம் என்றால் அங்கே எங்களுக்கு ஒரு கூரையும் இல்லை.

அவருக்கு வேலை பாறையில் துளை போடுவது. முதலில் சம்மட்டியும் உளியும் வைத்துப் போட்டார்கள். பிறகு காற்றில் ஓடும் மெஷின் வந்தது. அது துளைக்கும்போது பாறை வெள்ளை மாவாகக் கொட்டுமாம். ஷிஃப்ட் முடிந்து வந்தால் புருவத்திலும் காதிலும் மாவு ஒட்டிக்கொண்டிருக்கும். "அரிசி இடிச்சிட்டு வறியா?" என்று நான் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார். இரண்டு வருஷம் அப்படிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

மூன்றாம் வருஷம் ஆரம்பித்தது. காலையில் எழுந்து பாயில் உட்காருவார். உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருப்பார். கண் திறந்திருக்கும், கை தொடைமேல் இருக்கும். நான் அடுப்பு மூட்டி, கஞ்சி காய்ச்சி, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அதே இடத்தில் இருப்பார்.

"இன்னாய்யா, சாமி கும்புடறியா?"

"இரு மே. எழுந்துக்கறேன்."

"எங்க வலிக்குது?"

"வலின்னு சொல்ல முடியாது. ஒடம்புல கீற பலத்த எல்லாம் எவனோ தூங்கசொல்ல திருடிகினு போய்ட்டாப்பல கீது."

இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். அவரைத் தொட்டால் மண்பானை மாதிரி குளிர்ந்திருந்தது. இருமல் என்றால் எங்கள் லைனில் எல்லோருக்கும் இருந்தது, கோழிக்குக்கூட இருந்தது. மிளகுக் கஷாயம் கொடுத்தேன். வெள்ளாட்டுப் பால் கொடுத்தேன். பக்கத்து வீட்டு வெங்கடம்மா கண் திருஷ்டி என்று சொல்லி, நாங்கள் வேதக்காரர்கள் என்பதையும் பார்க்காமல் மிளகாய் சுற்றிப் போட்டாள். நானும் சபை ஊழியர் காதில் விழாதபடி பார்த்துக்கொண்டேன். ஒன்றுக்கும் அவர் உடம்பு அசையவில்லை.

சில நாள் நன்றாக இருப்பார். அந்த நல்ல நாட்கள்தான் எங்களுக்குச் சத்துருவாக வந்து சேர்ந்தன. ஒரு நாள் வெங்கடம்மா வீட்டு ஆட்டுக்கல்லை ஒற்றை ஆளாய்த் தூக்கி இடம் மாற்றி வைத்தார். மறுநாள் பாயைவிட்டு எழ முடியவில்லை. நேற்றுக் கல்லைத் தூக்கியவனுக்கு இன்றைக்கு என்ன கேடு என்று லைன் முழுக்கப் பேச்சு. அவர் ஒரு வாரத்துக்குச் சேர்த்து வைத்த பலத்தை அந்தக் கல்லுக்குச் செலவழித்துவிட்டார் என்பது எனக்கே அப்போது புரியவில்லை.

இன்னொன்றும் புரியவில்லை. வீட்டிலிருந்து சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டுக்குக் கால் மைல்கூட இராது. அந்தத் தூரத்துக்குள் மூன்று இடத்தில் நின்று தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுவார். தண்ணீர்க் குழாய் பக்கம் ஒரு தரம், கழிவு மண் மேட்டில் ஒரு தரம், ஷாஃப்ட் வாசலில் ஒரு தரம். நான் மேட்டுக்கு அந்தப் பக்கம் பெண்களோடு உட்கார்ந்து கல் பொறுக்குகிறவள். எல்லோரும் பார்ப்பார்கள். "பாக்கியவதி, ஒன் ஊட்டுக்காரரு இன்னும் மாப்பிள்ளை முறுக்குலயே கீறாரா?" என்று ஒருத்தி கேட்பாள். எனக்கு மானம் போகும். அவர் மூச்சு வாங்குவதற்காக நிற்கிறார், நிற்பதற்கு ஒரு சாக்கு வேண்டும் என்று தலைப்பாகையைக் கட்டுகிறார் என்பது எத்தனையோ நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அதற்குள் நானும் சிரித்து முடித்திருந்தேன்.

ஒரு நாள் வாய் தவறி அல்ல, நன்றாக யோசித்தே கேட்டேன்.

"ஊர் ஆம்பளைங்க எல்லாம் எறங்கறாங்க. ஒனக்கு மட்டும் இன்னா வந்துது? நடிக்கிறியா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நடிக்கத்தான் நடிக்கிறேன் மே. நல்லா கீறவன் மாதிரி தெனமும் நடிச்சிகினுதான் போறேன். அத்தான் முடியல" என்றார்.

இதைக் கேட்டும் நான் நம்பவில்லை. இன்றைக்கு நினைத்தால் என் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போலிருக்கிறது.

பிள்ளைக்கு எட்டு மாதம் நடந்துகொண்டிருந்தபோது, சேர்ந்தாற்போல் இரண்டு நாள் அவரால் எழவே முடியவில்லை. முனிரத்தினம் மேஸ்திரி வாசலில் வந்து நின்றார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆள் குறைந்தால் அவருக்கு மேலே திட்டு விழும், அதனால் அவர் எங்களைத் திட்டுவார்.

"இன்னா பர்னபாசு, கொயந்தைக்குப் பதிலா நீ தொட்டில்ல பட்த்துகினியா? நாளைக்கு வேலைக்கி வா. இல்ல, ஆஸ்பத்திரில சீக்குச் சீட்டு வாங்கியா. ரெண்டும் இல்லன்னா ஊட்டக் காலி பண்ணு."

மறுநாள் நானும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூடப் போனது பாசத்தால் என்று எழுத ஆசைதான். உண்மையில் இவர் டாக்டரிடம் என்ன கதை விடுகிறார் பார்க்கலாம் என்றுதான் போனேன்.

டாக்டர் துரை சின்ன வயது. அன்றைக்குக் கூட்டம் அதிகம். அவர் நாக்கை நீட்டச் சொன்னார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். கம்பவுண்டர் நடுவில் நின்று தமிழை இங்கிலீஷாக்கினார்.

"எங்க வலி, கேக்கறாரு."

"தனியா ஒரு எடத்துல இல்லீங்க. எங்கியும் இல்ல, எல்லா எடத்துலயும் கீது. எய்ந்து நின்னா பூமி இழுக்குதுங்க. காத்து உள்ள போவுது, ஆனா பத்தல. நேத்து சாப்ட கைய இன்னிக்குத் தூக்க முடியல. எப்பிடி சொல்றதுன்னு தெரியலீங்க."

அவர் இவ்வளவு பேசி நான் வருஷக்கணக்கில் கேட்டதில்லை. கம்பவுண்டர் அத்தனையையும் கேட்டுக்கொண்டு இரண்டே வார்த்தை துரையிடம் சொன்னார். அந்த நேரத்துக்குக் கை நசுங்கிய ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வராண்டாவெல்லாம் ரத்தம். துரை ஒரு தாளில் சட்டென்று எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டு, கம்பவுண்டரிடம் தள்ளிவிட்டு ஓடினார். கம்பவுண்டர் அதை எங்களிடம் தள்ளிவிட்டு ஓடினார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் தாளை என்னிடம் நீட்டினார். என்னிடம் ஏன் நீட்டினார் என்று சொல்ல வேண்டும். நான் சிறுமியாக இருந்தபோது வேலூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் இருந்தவள். தமிழ் நன்றாக வரும். இங்கிலீஷில் இருபத்தாறு எழுத்தும் தெரியும், எழுத்துக் கூட்டிச் சின்னச் சின்ன வார்த்தை வாசிப்பேன். எங்கள் லைனில் இது பெரிய படிப்பு. மருந்து பாட்டில், மூட்டைமேல் எழுத்து, எது வந்தாலும் பாக்கியவதியைக் கூப்பிடு என்பார்கள். எனக்கும் அதில் திமிர் உண்டு.

அச்சடித்த பெரிய வார்த்தைகளை நான் தாண்டிப் போனேன், அவை எனக்கு எட்டாது. நடுவில் துரை கையால் எழுதியது ஒரே ஒரு வார்த்தை. மூன்றே எழுத்து.

"நி... இல்... நில். நில்லுன்னு எழுதி கீறாருய்யா!"

"நில்லுன்னா?"

"நில்லுன்னா நில்லுதான். தமிழ்ல எழுதி கீறாரு, இங்கிலீஷ் எழுத்துல. வேலைய நிறுத்துன்னு அர்த்தம்."

எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. ஏன் வரவேண்டும்? துரைமார் வாயில் நாங்கள் கேட்ட தமிழெல்லாம் அந்த அளவுதான். வா, போ, தூக்கு, ஏறு, இறங்கு, நில். ஒரு துரை கருணையோடு எங்களுக்குப் புரியும்படி எழுதவேண்டும் என்று நினைத்தால் அப்படித்தானே எழுதுவார்?

அவர் தாளைத் திருப்பி வாங்கி அந்த மூன்று எழுத்தின்மேல் விரலை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு தலைப்பாகையை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மார்பு கதவு மாதிரி இருந்த மனிதர் வேப்பமரத்தடியில், போகிறவர் வருகிறவர் பார்க்க, அழுதார்.

"அப்ப எனக்கு சீக்குதான். இல்ல மே? நான் நடிக்கல."

"நீ நடிக்கலய்யா" என்றேன். எனக்கும் அழுகை வந்தது. மூன்று வருஷம் பக்கத்தில் படுத்த மனிதன் சொன்னதை நம்பாதவள், முன்பின் தெரியாத துரை கிறுக்கிய மூன்று எழுத்தை ஒரு நிமிஷத்தில் நம்பிவிட்டேன்.

மேஸ்திரியிடம் காட்டினோம். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. கையெழுத்தையும் முத்திரையையும் பார்த்தார், என்னை வாசிக்கச் சொன்னார். நான் கணீரென்று வாசித்தேன். "எத்தினி நாளு?" என்றார். "திரும்பி வான்னு சொல்ற வரைக்கும்" என்று நானே சேர்த்துச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போய், ஆள் கணக்கு எழுதும் டைம் ஆபீஸில் டாக்டர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு ஒன்பது நாள். நாங்கள் குடும்பம் நடத்தினோம் என்று சொல்ல வேண்டுமானால் அந்த ஒன்பது நாளைத்தான் சொல்வேன். அவர் வாசலில் வெளிப்படையாக உட்கார்ந்தார். மூச்சு வாங்கினால் வாங்கினார், தலைப்பாகையைத் தொடவில்லை. பிள்ளையை மார்பில் படுக்க வைத்துக்கொள்வார். அவர் மூச்சுக்குப் பிள்ளை ஏறி இறங்கும், அதற்கு அது ஒரு விளையாட்டு, கெக்கலி கொட்டும். வெங்கடம்மா கோழி ரசம் கொண்டுவந்தாள். "அய்யோ பாவம் மா, தொரையே எழுதிட்டாருன்னா எவ்ளோ பெரிய சீக்கோ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை முறுக்கு என்று சிரித்தவள் இரண்டு முட்டை கொடுத்தனுப்பினாள். நான் அவர் கால்களைப் பிடித்துவிட்டேன். கேட்டதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். "போவுது வுடு" என்றார்.

உடம்பு தேறியதா என்றால், இல்லை. ஒன்பதாம் நாளும் எழுந்து உட்கார அதே நேரம்தான் ஆயிற்று. ஆனால் முகம் மாறியிருந்தது. தன்னை ஒருவர் நம்பிவிட்டார் என்ற தெம்பு.

ஒன்பதாம் நாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து டேவிட் ஊழியர் வீடு வீடாக வந்தார். எங்கள் சபைக்கு வேதம் வாசிப்பவர் அவர்தான், பெங்களூரில் படித்தவர், இங்கிலீஷ் சரளமாக வரும். என் புருஷன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் தலைப்பாகை மடிப்பிலிருந்து சீட்டை எடுத்துப் பெருமையாக நீட்டினேன்.

"ஐயா, இதுக்கு ஒரு தோத்திர ஜெபம் பண்ணுங்க. எங்க ஜனத்துக்குப் புரியணும்னு தொரை தமிழ்லயே எழுதி கீறாரு."

ஊழியர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் முகத்தைப் பாராமல் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இது தமிழ் இல்லம்மா. இங்கிலீஷ் வார்த்தைதான். மேல அச்சுல 'வியாதி'ன்னு இருக்கு. அதுக்கு நேரா இவர் எழுதியிருக்கிறது, 'ஒன்றுமில்லை'ன்னு."

"நில்லுன்னா?"

"ஒன்றுமில்லை. அவருக்கு ஒரு வியாதியும் இல்லைன்னு எழுதியிருக்கார், தங்கச்சி."

சீட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவர் ஜெபம் பண்ணட்டுமா என்றார். எதற்கு என்று கேட்டேன். அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆபீஸில் வேறு யாராவது சொல்லித் தெரிவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று மேஸ்திரி வீட்டுக்கு ஓடினேன். அவர் கத்திய கத்தில் தெரு கூடிவிட்டது. "ஒன் இங்கிலீஷ நம்பி ஆபீஸ்ல வாய வுட்டனே! நாளைக்கு மொத ஷிஃப்ட்டுக்கு அவன் கேஜ்ல நிக்கணும். நிக்கலன்னா சாய்ந்தரம் ஊட்ல வேற ஆளு."

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். அவரிடம் என்ன சொல்வது? உனக்கு ஒன்றுமில்லையாம் என்று சொல்லலாம், அது ஒரு வார்த்தைதான். சொன்னால் அவர் நாளைக்கு இறங்குவார், ஆனால் அந்த முகம் போய்விடும். அதற்கு என் வாயில் பலம் இல்லை.

அவர் எழுந்து பிள்ளையை மடியில் வைத்திருந்தார்.

"இந்தாய்யா, மேஸ்திரி ஆளனுப்பினாரு. தொரை நில்லுன்னு சொன்னது கொஞ்ச நாளைக்குத்தானாம். நாளைக்கு எறங்கச் சொல்றாங்க."

"இவ்ளோ சீக்கிரமா?"

"ஆமா."

"சரி. அவரு இன்னா பண்ணுவாரு பாவம், எத்தினி பேருக்குத்தான் எழுதுவாரு" என்று டாக்டர் துரைக்குப் பரிந்து பேசினார். சீட்டை என்னிடமிருந்து வாங்கி மடித்துத் தலைப்பாகைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அவர் இறங்கினார். மத்தியானம் நான் கல் பொறுக்கிக்கொண்டிருந்த இடத்துக்கு மேஸ்திரி வந்தார். எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கேஜ் கிட்ட ஃபோர்மன் துரை கேட்டாரு, இத்தினி நாளா எங்கடா போனேன்னு. இவன் சீட்ட எடுத்து நீட்டினான். டாக்டரே எழுதிக் குடுத்துட்டாருன்னு தைரியமா வேற சொன்னான். துரை படிச்சிட்டு வயித்தப் பிடிச்சிகினு சிரிச்சாரு. 'ஒன்னும் இல்லே, ஒன்னும் இல்லே'ன்னு தமிழ்லயே எல்லார்கிட்டயும் காட்டினாரு. கேஜ்ல இருந்தவனுங்க எல்லாம் சிரிச்சானுங்க."

"அவரு?"

"சீட்ட வாங்கித் தலைப்பால சொருவிகினான். எறங்கிட்டான்."

அன்றைக்கு அவர் வீடு வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. புருவத்தில் வெள்ளை மாவு. முகம் கழுவினார். கஞ்சி குடித்தார். பிள்ளையைத் தூக்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து அந்தச் சீட்டை எடுத்தார். வியர்வையில் ஊறி மடிப்பு கிழியத் தொடங்கியிருந்தது.

"இத்த இன்னொரு தபா படி மே."

அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். தாளைக் கையில் வாங்கினேன். எழுத்து கலங்கித் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும் என்பதில்லையே.

"நில்" என்றேன்.

"சரியாத்தான் படிக்கிற" என்றார். சீட்டை வாங்கி மடித்து, மறுபடி தலைப்பாகைக்குள் வைத்தார். எனக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. பிள்ளை தூங்குகிறதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பாயில் உட்கார்ந்தார். கஞ்சி காய்ச்சி முடித்தேன், பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்தேன், அப்புறம்தான் எழுந்தார். முதல் சங்கு ஊதிவிட்டது. வாசலில் நின்று பார்த்தேன். தண்ணீர்க் குழாய்க்குப் போவதற்கு முன்பே ஒரு தரம் நின்று தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டினார். குழாயில் ஒரு தரம். மேட்டில் ஏறுமுன் ஒரு தரம். வெங்கடம்மா தன் வாசலிலிருந்து பார்த்துவிட்டு, இப்போது அவளுக்கும் சேதி தெரியுமாதலால், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பிள்ளையை இடுப்பில் போட்டுக்கொண்டு ஓடினேன். மேட்டடியில் அவரைப் பிடித்துவிட்டேன். வழியெல்லாம் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு யாரைப் பற்றியும் கவலையில்லை.

"நில்லுய்யா" என்று கத்தினேன். "போவாத. நான் சொல்றேன், ஒனக்கு சீக்குதான். நில்லு."

அவர் நின்றார். மூச்சு இழுத்து விட்டார். கை தலைப்பாகைக்குப் போகவில்லை. என்னைப் பார்த்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு, கேலியாகக் கொஞ்சம் சிரித்தார்.

இரண்டாம் சங்கு ஊதியது.

"நீ எழுதினா செல்லாது மே" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போனார்.